ஏழூர் சுற்றும் புது மாப்பிள்ளை

திருவையாறு என்றவுடனே நம்மில் பலருக்கும் சங்கீதம்தான் ஞாபகத்துக்கு வரும். தை மாதத்துக் குளிர், காவேரிக் கரையில் பந்தல், பந்தல் நிறைய வித்வான்களும் விதூஷிகளும், எல்லோரும் ஒரே குரலாகப் பாடும் பஞ்சரத்தினக் கீர்த்தனங்கள்! இவ்வளவையும் கேட்டுவிட்டுத் திரும்பும்போது கையில் ஒரு பொட்டலம் அசோகா. அதோடு திருவையாற்றைப் பார்த்தாகிவிட்டது என்று நாம் திருப்தியடைந்து விடுகிறோம்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சென்ற சித்திரையில் அந்த ஊருக்குப் போய், ஒரு பாட்டியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் என் நினைப்பு மாறியது.

"ஆராதனை பெரிய விசேஷந்தாம்மா. நான் இல்லேங்கலே. ஆனா அது நீங்கள்ளாம் வர்ற விசேஷம். நாங்க பாய் விரிச்சுக் குடுத்துட்டு ஓரமா நிப்போம். எங்க வீட்டு விசேஷம் இப்போதான் வருது. நாளைக்கு இருந்து பாத்துட்டுப் போ" என்றாள் பாட்டி.

"உங்கள் வீட்டில் என்ன விசேஷம், பாட்டி?"

"கல்யாணம் போன மாசமே ஆயிடுச்சு. மாப்பிள்ளையும் பொண்ணும் நாளைக்கு ஊர் ஊராப் போயிட்டு வரப் போறாங்க."

"மாப்பிள்ளை என்ன செய்கிறார்?"

"கோயில் வாசல்லே உக்காந்திருக்கார். அவரைத் தாண்டித்தானே நீ சாமி பாத்திருப்பே?" என்று சொல்லிவிட்டுப் பாட்டி பொக்கை வாய் திறந்து சிரித்தாள்.

மாப்பிள்ளை வேறு யாருமில்லை, நந்தியெம்பெருமான்தான்!

அவசரக் கல்யாணம்

தஞ்சாவூரிலிருந்து வடக்கே சுமார் 13 கிலோமீட்டர் தூரம். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டினால் திருவையாறு வந்துவிடும். ஊரின் நடுநாயகமாக இருப்பவர் ஐயாறப்பர். அம்பாள், அறம் வளர்த்த நாயகி. தருமபுரம் ஆதீனத்தைச் சேர்ந்த கோயில்.

இங்கே சிலாத முனிவர் என்று ஒருவர் இருந்தாராம். வெகு காலம் பிள்ளை இல்லை. யாகம் செய்வதற்காக நிலத்தை உழுதபோது ஒரு பெட்டி கிடைத்தது. அதற்குள் குழந்தை. ஆனால் அந்தக் குழந்தைக்கு ஆயுசு பதினாறுதான் என்று தெரிந்ததும் பெற்றவர்கள் அழுதார்கள். பிள்ளை அழவில்லை. தண்ணீரில் நின்று தவம் செய்தான். ஐயாறப்பர் மனமிரங்கி ஆயுளையும் கொடுத்து, தம்முடைய கணங்களுக்கெல்லாம் தலைவனாகவும் ஆக்கினார். அவ்வளவோடு விட்டாரா? "வயசுப் பிள்ளைக்கு ஒரு கால்கட்டுப் போட வேண்டாமா?" என்று நம் வீட்டுப் பெரியவர்களைப் போலவே யோசித்துப் பெண் தேடவும் ஆரம்பித்துவிட்டார்.

பெண் கிடைத்த இடம், கொள்ளிடத்துக்கு அக்கரையில் உள்ள திருமழபாடி. வியாக்கிரபாத முனிவரின் குமாரி சுயசாம்பிகை. பங்குனி மாதம் புனர்பூச நட்சத்திரத்தில் கல்யாணம். இன்றைக்கும் வருஷந்தோறும் அந்த நாளில் ஐயாறப்பரும் அம்பாளும் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு திருமழபாடிக்குப் போகிறார்கள். அங்கே மாலை மாற்றல் உட்பட ஒன்றையும் விடாமல் கல்யாணம் நடக்கிறது.

"நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம்" என்று அந்தப் பக்கத்தில் ஒரு வசனம் உண்டு. வயது வந்த பெண்ணையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் அன்றைக்குத் திருமழபாடியில் முண்டியடிப்பதைப் பார்த்தால், அந்த வசனத்தில் அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பது தெரியும்.

சீர் கொண்டு போனது யார்?

கல்யாணம் என்றால் செலவு உண்டல்லவா? நந்தி கல்யாணத்தின் செலவுக் கணக்கை ஜனங்கள் அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஏட்டில் அல்ல, ஊர்களின் பெயரில்.

பழம் வந்தது திருப்பழனத்திலிருந்து. விருந்துக்கு அன்னம் வந்தது திருச்சோற்றுத்துறையிலிருந்து. மந்திரம் சொல்ல வேதியர்கள் வந்தது திருவேதிகுடியிலிருந்து. ஆபரணங்கள் வந்தது திருக்கண்டியூரிலிருந்து. பூ வந்தது திருப்பூந்துருத்தியிலிருந்து. ஹோமத்துக்கும் சமையலுக்கும் நெய் வந்தது திருநெய்த்தானத்திலிருந்து. இந்தக் கடைசி ஊரைத்தான் இப்போது தில்லைஸ்தானம் என்கிறோம். இந்த ஆறு ஊரோடு திருவையாற்றையும் சேர்த்தால் ஏழு. இவற்றைச் சப்தஸ்தானம் என்பார்கள். பேச்சு வழக்கில் ஏழூர்.

தமிழ்ப் புலவர் யாராவது பக்கத்தில் இருந்தால் உடனே ஆட்சேபிப்பார். "பழனம் என்றால் வயல், பழம் அல்ல. துருத்தி என்றால் ஆற்றின் நடுவிலே உள்ள திட்டு. கண்டியூர் பிரம்மாவின் தலையைக் கொய்த வீரட்டத் தலம். அங்கே நகைக்கடை ஏது?" என்று கேட்பார். கேட்கட்டும். கல்யாண வீட்டில் யார் அகராதி புரட்டுகிறார்கள்?

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? பழம், அன்னம், நகை, பூ, நெய் எல்லாம் வந்தது மாப்பிள்ளை வீட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து. கல்யாணத்தைத் தாமே நடத்தி வைப்பதாக ஏற்றுக்கொண்டவர் ஐயாறப்பர். அதாவது பிள்ளை வீட்டுக்காரர். பெண் வீட்டார் கொடுத்தது பெண்ணை மட்டும்தான்!

இதைப் பாட்டியிடம் சொன்னேன். "அதைச் சொல்லு! எத்தனையோ மாமியாருங்க வருஷா வருஷம் வந்து கும்பிட்டுட்டுப் போறாங்க. இந்தக் கணக்கு மட்டும் அவங்க காதுலே விழறதில்லே" என்றாள்.

நம் நாட்டில் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். சட்டம் வந்து அறுபது வருஷத்துக்கு மேலாகியும், "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்ற சாதுரியமான வாக்கியம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த வாக்கியம் பேசத் தெரியாத ஒரு சம்பந்தியாவது நமக்கு இருக்கிறாரே என்று ஐயாறப்பரை நினைத்து ஆறுதல் அடையலாம்.

அவர் அப்படி இருப்பதில் ஆச்சரியமும் இல்லை. அவருடைய வீட்டு அம்மாளின் பெயரே அறம் வளர்த்த நாயகி. முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்தவள். ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைப்பதும் அந்த முப்பத்திரண்டில் ஒன்று.

திருவையாறே பெண்களின் கை ஓங்கிய ஊர்தான். பெரிய கோயிலுக்குள் வடகயிலாயம் என்று ஒரு சந்நிதி இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன் அதைக் கட்டியவள் முதலாம் ராஜராஜ சோழனின் தேவியான உலோகமாதேவி. காவேரிக் கரையில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குக் கோயில் எழுப்பியவரும் ஒரு பெண்மணிதான். தம் சொத்தையெல்லாம் அதற்குச் செலவிட்ட பெங்களூர் நாகரத்தினம்மாள். 1952-ல் காலமான அவருடைய சமாதி, சுவாமிகளின் சமாதியைப் பார்த்தபடியே இருக்கிறது.

கல்யாணத்துக்குப் பிறகு

பங்குனியிலே கல்யாணம் முடிந்துவிட்டதே, சித்திரையில் என்ன கொண்டாட்டம் என்றுதானே கேட்கிறீர்கள்? அதுதான் இந்தத் திருவிழாவின் உயிர்.

பழம் கொடுத்தார்கள், பூக் கொடுத்தார்கள், நெய் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு கல்யாணத்தை நடத்தியாயிற்று. கொடுத்தவர்கள் வீட்டுக்கு ஒரு நடை போய், "உங்களால்தான் எல்லாம் நன்றாக நடந்தது. இதோ பிள்ளை, இதோ பெண்" என்று காட்டிவிட்டு வர வேண்டாமா? ஒரு மாதம் கழித்துச் சித்திரை விசாகத்தன்று, ஐயாறப்பர் தம்பதி சமேதராகக் கண்ணாடிப் பல்லக்கிலும், நந்தியும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கிலும் ஏறி ஆறு ஊருக்கும் புறப்படுகிறார்கள்.

வரும் பல்லக்கை அந்தந்த ஊர்ச் சுவாமி எதிர்கொண்டு அழைக்கிறார். அதோடு நில்லாமல், தாமும் பல்லக்கேறி அடுத்த ஊருக்குக் கூடவே கிளம்பிவிடுகிறார். இப்படிப் பல்லக்குக்குப் பின்னால் பல்லக்காகச் சேர்ந்துகொண்டே போகும். நம் வீட்டில் கல்யாணத்துக்கு வந்த அத்தை, திரும்பும்போது சித்தியையும் மாமியையும் அழைத்துக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போவதில்லையா, அதேபோல!

ஏழூர் வலம் வேறு இடங்களிலும் உண்டு. அய்யம்பேட்டைக்குப் பக்கத்தில் சக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஏழு ஊர்களிலும் நடக்கிறது; கும்பகோணத்திலும் நடக்கிறது. ஆனால் திருவையாற்றில் புது மாப்பிள்ளையும் புதுப் பெண்ணும் கூட வருகிறார்கள்.

ஐம்பது பேர்

விசாகத்துக்கு முதல் நாள் ராத்திரி. பாட்டி வீட்டில் யாரும் தூங்குகிறதாகத் தெரியவில்லை. மருமகள் வாசலுக்குச் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். திருச்சியில் கட்டிக்கொடுத்த பேத்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இப்படியே. ஏழூருக்குப் பெண்கள் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுவார்களாம்.

"தீபாவளிக்குக் கூட வராம இருந்துடுவாங்க. இதுக்கு வந்தே ஆகணும்" என்றாள் மருமகள், கோலப்பொடியைக் கையில் எடுத்துக்கொண்டே.

பாட்டி ஒரு பித்தளைத் தூக்கைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் என்ன போகப் போகிறது என்று கேட்டேன்.

"அதிரசம். பூந்துருத்திலே என் தங்கச்சி இருக்கா. அவளுக்கு" என்று சொல்லிவிட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

பாட்டிக்கு மூன்று குழந்தைகள். மூன்று பேர் கல்யாணத்துக்கும் தங்கைதான் பட்சணப் பொறுப்பு. பத்து நாளைக்கு முன்பே தன் வீட்டு இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாளாம். சீர் முறுக்கும் அதிரசமும் அவள் கையால் செய்தால்தான் உண்டு. "அடுப்புப் பக்கம் என்னை விடவே மாட்டா. 'நீ பொண்ணைப் பெத்தவ, போய்ப் பட்டுப் பொடவை கட்டிக்கிட்டு நில்லு'ம்பா."

பேத்தியின் கல்யாணம் வந்தது. அது 2020-ம் வருஷம் ஆவணி. கொரோனா ஊரடங்குக் காலம். கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று உத்தரவு. பிள்ளை வீட்டில் இருபத்தைந்து, பெண் வீட்டில் இருபத்தைந்து. இருபத்தைந்து பேர் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தால், நம்மில் எவருடைய பட்டியலில்தான் இரத்த பாசம் அடிபடாமல் இருக்கும்?

"கணக்குப் பாத்ததிலே தங்கச்சி வீடு விட்டுப்போச்சு. போன்லே சொன்னோம். 'வா'ன்னு சொல்லலே, 'கல்யாணம் நடக்குது'ன்னு சொன்னோம். அதிரசத்தைக் கடையிலே வாங்கினோம்."

"அது உங்கள் தப்பில்லையே, பாட்டி! அரசாங்க உத்தரவுதானே?"

"அதுக்கு அவ கோவிச்சுக்கலேம்மா. அவளுக்குத் தெரியாதா? வியாதி அடங்கினப்புறம் பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு ஒரு நடை போயிருக்கணும். இன்னிக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னு விட்டாச்சு. ஒரு வருஷம் போச்சு. அப்புறம் போறதுக்கே வெக்கமாப் போச்சு. அவளும் போன் பண்றதை நிறுத்திட்டா."

எதிரே உட்கார்ந்திருந்த பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஊரடங்கில் கோயில்களே ஜனங்களுக்கு மூடியிருந்த அந்த 2020-ல் ஏழூர் ஜனமும் வாசற்படியைத் தாண்டவில்லை. அப்போது ஒன்றும் தோன்றவில்லையாம் பாட்டிக்கு. அதற்கப்புறம் பல்லக்குகள் மறுபடியும் வீதியில் இறங்கிய வருஷந்தான், வாசலில் நின்று கும்பிட்டபோது மனசில் சுருக்கென்றதாம். "சாமியே நன்றி சொல்லக் கெளம்பிப் போறாரு. நான் வாசல்லே நின்னு அவரைக் கும்பிட்டுட்டு உள்ளே போயிட்டேன் பாரு!" என்றாள்.

அதற்குப் பிறகும் வருஷங்கள் போயிருக்கின்றன. இந்தத் தடவைதான் தூக்கை எடுத்துத் துடைத்திருக்கிறாள்.

பல்லக்கோடு ஒரு நாள்

பொழுது புலரும் நேரத்தில் மேளச் சத்தம் கேட்டது. வீதி முழுவதும் ஒரே கோலம். கண்ணாடிப் பல்லக்கில் தீவட்டி வெளிச்சம் பட்டு, நூறு விளக்கு ஏற்றினதுபோல் ஜொலித்தது. பின்னாலேயே வெட்டிவேர்ப் பல்லக்கு. சித்திரை வெயிலில் போகப்போகும் புதுமணத் தம்பதிக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று யோசித்தவர் நிச்சயமாக ஒரு தாயாராகத்தான் இருக்க வேண்டும். பல்லக்குக் கடந்து போன பிறகும் தெருவில் வாசனை நின்றது.

தண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டவர்களைச் சீர்பாதம் தாங்குவோர் என்கிறார்கள். வயலிலும் கடையிலும் வேலை பார்ப்பவர்கள், படிக்கிற பிள்ளைகள், விடுமுறை வாங்கிக்கொண்டு வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்று எல்லோரும் உண்டு. தோளில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு போகிறார்கள்.

திருப்பழனம், அப்புறம் சோற்றுத்துறை. சோற்றுத்துறையில் ஒரு கதை. பஞ்ச காலத்தில் அருளாளன் என்பவனும் அவன் மனைவி திருநகையும், அடியார்களுக்குச் சோறு போட வழியில்லாமல் சுவாமியிடம் முறையிட்டார்களாம். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் ஒன்று கிடைத்ததாம். "அந்தப் பாத்திரத்தை எந்த வீட்டுக்காரர் வைத்திருக்கிறார்?" என்று கூட வந்தவர் ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். பதில் வழியெல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அண்டா நிறைய நீர்மோர்; பானகம்; சில இடங்களில் புளியோதரையும் தயிர்சாதமும். யார், எவர், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. வழி நெடுகப் பாத்திரம் குறையவே இல்லை.

இதைப் பார்த்துக்கொண்டே வந்தபோது நம்முடைய பட்டணத்துக் கல்யாணங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. மண்டபம் பிடித்தாகிவிட்டது; சமையல் காண்ட்ராக்ட் விட்டாகிவிட்டது; பூ அலங்காரம் முதல் வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்கள் வரையில் ஒரே ரசீதில் வந்துவிடுகிறார்கள். சௌகரியம்தான், சந்தேகமில்லை. முன்பெல்லாம் கல்யாணம் முடிந்தால் பெண்ணைப் பெற்றவள் பத்து நாளுக்கு இடுப்பு வலியோடு படுத்துக்கிடப்பாள். அந்தக் கஷ்டம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்துத் தீர்த்துவிட்ட கல்யாணத்தில், முடிந்த பிறகு யார் வீட்டுக்குப் போய் நன்றி சொல்வது? வந்தவர்களுக்கு வாட்ஸப்பில் கைகூப்புகிற படம் ஒன்று அனுப்பினால் கணக்குத் தீர்ந்தது. வாழை இலை கொடுத்த அடுத்த வீட்டுக்காரர் இல்லை. பாத்திரம் இரவல் கொடுத்த எதிர் வீட்டு மாமி இல்லை. ஆகையால் போய்ப் பார்க்க வேண்டிய வீடும் இல்லை.

ஒருவரிடம் ஒன்றை வாங்கிக்கொள்வதால் நாம் சின்னவர்களாகிவிடுவதில்லை. போய்த் திரும்பி வருவதற்கு ஒரு வாசல் கிடைக்கிறது. அவ்வளவுதான். ஏழு ஊரையும் ஆயிரம் பேர் தோளால் சுற்றி வருகிற இந்தத் திருவிழா நமக்குச் சொல்லுவதும் அதைத்தான் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு டம்ளர் மோர்

பாட்டி கண்டியூருக்கு ஆட்டோவில் வந்து காத்துக்கொண்டிருந்தாள். பேத்தியும் குழந்தையும், திருச்சியிலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்ட மாப்பிள்ளையும் கூட. "இங்கேருந்து பூந்துருத்தி வரைக்கும் நடந்தே வரேன்" என்று பாட்டி பிடிவாதம் பிடித்தாள். "சாமி நடக்கிறாரு, எனக்கென்ன?" என்றாள். "சாமி பல்லக்கிலே போறாரு, பாட்டி" என்றாள் பேத்தி. யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் பாட்டி நடந்தாள். தூக்கை மட்டும் வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

பூந்துருத்தியை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தெரு முனையில் ஒரு நீர்மோர்ப் பந்தல். பந்தலுக்குள் பாட்டியைப் போலவே ஒருத்தி. கொஞ்சம் இளையவள், அவ்வளவுதான். அதே மூக்கு, அதே நெற்றி. கையில் சொம்பு. வருகிறவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பாட்டி வரிசையில் நின்றாள். ஆமாம், வரிசையில்தான் நின்றாள்! முன்னால் இருந்த நாலைந்து பேரும் குடித்துவிட்டு நகர்ந்தார்கள். தங்கை நிமிர்ந்து பார்த்தாள். சொம்பைப் பிடித்திருந்த கை ஒரு கணம் நின்றது. அப்புறம் ஒரு டம்ளரை எடுத்து, மற்றவர்களுக்கு ஊற்றியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றி நீட்டினாள்.

பாட்டி குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். "உப்பு பத்தலே" என்றாள்.

"உனக்கு ரத்தக் கொதிப்பு. அது போதும்" என்றாள் தங்கை.

அதற்குள் பேத்தியும் மாப்பிள்ளையும் குனிந்து காலைத் தொட்டார்கள். "தெருவிலேயா விழுவீங்க? உள்ளே வாங்க" என்ற அதட்டல்தான் என் காதில் விழுந்தது. அதற்குமேல் அங்கே நிற்பது மரியாதையல்ல என்று நான் பல்லக்குக்குப் பின்னால் நடந்துவிட்டேன்.

பூப்போட்ட பொம்மை

வழக்கப்படி மேட்டூர் அணையை ஜனவரி 28-க்கு மூடிவிட்டு ஜூன் 12-க்குத்தான் திறக்கிறார்கள். ஆகவே சித்திரையில் காவேரி வெறும் மணல். பௌர்ணமியை ஒட்டிய நாள் என்பதால் அந்த மணல் பால் கொட்டினதுபோல் இருந்தது. தில்லைஸ்தானத்தின் அருகே ஆற்று மணலில் பல்லக்குகள் எல்லாம் ஒன்று கூடின. வாண வேடிக்கை நடந்தது. குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஏழு ஊர் ஜனமும் மணலில் நின்றது.

மறுநாள் எல்லாப் பல்லக்குகளும் திருவையாற்றுக்கு வந்து சேர்ந்தன. வீதியில் இடமே இல்லை. இங்கேதான் குழந்தைகள் வருஷம் பூராவும் காத்துக்கொண்டிருக்கும் காட்சி நடக்கிறது. பொம்மை ஒன்று, வரிசையாக வரும் பல்லக்குகளின் மேல் பூப்போடுகிறது! பெரிய மனிதர்கள் பலரும் கழுத்தை நீட்டிக்கொண்டு அந்தப் பொம்மையையே பார்ப்பதைக் கண்டேன். நானும் அப்படித்தான் பார்த்தேன். பூ விழுந்ததும், ஊர்ச் சுவாமிகள் விடைபெற்றுக்கொண்டு தத்தம் ஊருக்குத் திரும்பினார்கள்.

கூட்டத்தில் பாட்டியைக் கண்டுபிடித்துவிட்டேன். பக்கத்தில் தங்கையும் நின்றுகொண்டிருந்தாள். ராத்திரி பூந்துருத்தியிலேயே தங்கிவிட்டுக் காலையில் இரண்டு பேருமாக வந்திருக்கிறார்கள்.

"என்ன பாட்டி, எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டீர்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

"என்னத்தைப் பேசறது? ஒண்ணும் பேசலே" என்றாள் பாட்டி. "அதிரசத்தைத் தின்னு பாத்துட்டு, 'பாகு பதம் தப்பிப்போச்சு'ன்னா. அடுத்த விசேஷத்துக்குத் தானே வந்து செய்யறாளாம்."

"அடுத்த விசேஷம் எப்போது?"

"கொள்ளுப் பேரனுக்குக் காது குத்தணுமே! ஆவணிலே வெச்சிருக்கோம். நீயும் வந்துடு."

போவதாகத்தான் இருக்கிறேன். போய் வந்த பிறகு, நன்றி சொல்ல இன்னொரு நடையும் போக வேண்டும்.